கலங்கிய நீருக்கு யார் பொறுப்பு?

கிணற்றில் நஞ்சைக் கலந்தவனை ஊர் சும்மா விடாது. பிடித்துக் கட்டும், காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லும், அவன் போன பிறகும் பல காலம் அவன் பெயரைச் சொல்லிக் காறித் துப்பும். ஆனால், கிணற்றைத் தூர் வாராமல் பத்து ஆண்டுகள் போட்டுவைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவன்தான் எதையும் செய்யவில்லையே! செய்தவனைத் தண்டிக்கலாம், செய்யாதவனை எப்படித் தண்டிப்பது? நாம் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம். அந்த இரண்டு கிணற்று நீரையும் குடித்துவிட்டு நோயில் விழும் குழந்தைக்கு மட்டும் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

செய்த பாவம் பெரிதா, செய்யாமல் விட்ட பாவம் பெரிதா என்பது பழைய கேள்வி. திருக்குறளில் சோம்பலைக் கடிவதற்கு மடியின்மை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது போதாதென்று, மறதியைக் கடிவதற்குத் தனியாக இன்னோர் அதிகாரம் இருக்கிறது: பொச்சாவாமை, 54-ஆம் அதிகாரம். சோம்பலும் மறதியும் வேறு வேறு நோய்கள் என்று வள்ளுவர் கருதியிருக்க வேண்டும். சோம்பேறிக்குத் தன் கடமை தெரியும், உடம்பு வணங்காது. மறதிக்காரனோ காலையிலிருந்து இரவுவரை ஓடிக்கொண்டே இருப்பான். ஓடுகிற ஓட்டத்தில் காக்க வேண்டிய ஒன்றை மட்டும் மறந்திருப்பான். அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அவன் குற்றம் வெளியே தெரிவதில்லை.

நம் முன்னோர்களில் சிலர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற ஒரு குழு பேசப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் குடவோலை இட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியை வெட்டியவனுக்குப் புகழ் உண்டு. வெட்டிய ஏரியின் கரையை மழைக்கு முன்னால் போய்ப் பார்க்கிறவனுக்கு என்ன உண்டு? ஒன்றும் இல்லை. அவன் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. அதுதான் அவன் வேலையின் பயன். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக உழைப்பவனை எந்தப் புலவர் பாடுவார்? ஆகவே அந்த வேலையைப் புகழுக்கு விடாமல் பொறுப்புக்குள் கட்டிவைத்தார்கள்.

இந்தக் கேள்வியை நான் படித்த நூல்களெல்லாம் விளக்காத அளவுக்கு ஒரு வீட்டுப் புழக்கடை நீச்சல் குளம் எனக்கு விளக்கியது. அது நம் நாட்டுக் குளம் அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பேக்கர்ஸ்பீல்டு என்னும் ஊரில் இருந்த குளம். எண்ணெய்க் கிணறுகளும் பாதாம் தோட்டங்களும் திராட்சைக் கொடிகளும் சூழ்ந்த ஊர் அது. கோடையில் நம் வேலூரைப் போலக் காய்கிற வறண்ட பள்ளத்தாக்கு. வெயில் அப்படி என்பதால், அங்கே நடுத்தரக் குடும்பத்து வீட்டின் பின்புறத்தில்கூட நீச்சல் குளம் இருப்பது வழக்கம்.

என் சகோதரியின் மகன் அங்கே பொறியியலாளன். 2009-இல் அவன் ஒரு வீடு வாங்கினான். அந்த ஆண்டுக் கோடையில் நான் சில வாரங்கள் அவனோடு தங்கியிருந்தேன். வீட்டை மலிவாக வாங்கியிருந்தான். மலிவுக்குக் காரணம் உண்டு. கடன் தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் போன வீடு அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பின்புறக் குளத்தில் எழுபதாயிரம் லிட்டர் நீர். நீர் என்று சொல்லக் கூடாது. கீரை மசியல் என்று சொல்லலாம். மேலே பாசி ஆடை போல் விரிந்து கிடந்தது. ஒரு கோலை உள்ளே விட்டால் ஒரு சாணுக்குக் கீழே அது கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் அது ஒற்றைக் குளம் அல்ல. வட்டி ஏறிக்கொண்டே போகும் கடன்களை வாங்கி வீடு கட்டியவர்கள், வீட்டு விலை சரிந்தபோது தவணை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். தவணை தவறியதற்கான அறிவிப்புகள் அங்கே 300 சதவீதம் கூடின என்று 2008-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகிறது. வானத்திலிருந்து எடுத்த படங்களில் நீலக் குளங்களுக்கு நடுவே பச்சைக் குளங்கள் பளிச்சென்று தெரிந்தன. 2007-ஆம் ஆண்டுக் கோடையில் அந்த வட்டாரத்தில் மேற்கு நைல் காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை 276 சதவீதம் உயர்ந்தது. கைவிடப்பட்ட குளங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது அந்தக் கட்டுரையின் முடிவு.

மேற்கு நைல் என்பது உகாண்டா நாட்டின் ஒரு பகுதி. 1937-இல் அங்கே முதலில் கண்டறியப்பட்ட நோய்க் கிருமி 1999-இல் நியூயார்க்கில் தலைகாட்டியது. பறவைகளிடமிருந்து கொசு அதை எடுக்கிறது, மனிதனுக்குக் கொடுக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குக் காய்ச்சல் வரும். ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒருவருக்கு மூளையையும் நரம்பையும் தாக்கும். வயதானவர்களைத்தான் அது அதிகமாகக் கீழே தள்ளும். அதைப் பரப்பும் கொசுக்களில் ஒன்று நமக்குப் பழக்கமானதுதான்: நம் ஊர்ச் சாக்கடையில் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்பும் அதே இனம். தேங்கிய நீர் கிடைத்தால் அதற்குக் கலிபோர்னியாவும் ஒன்றுதான், கும்பகோணமும் ஒன்றுதான்.

ஆகவே, கடன் பத்திரத்தில் தொடங்கிய ஒரு கணக்கு, யாரோ ஒரு கிழவரின் நரம்பில் போய் முடிகிறது. நடுவில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு கையும் ஓங்கப்படவில்லை. எல்லாரும் ஒன்றைச் செய்யாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

என் மருமகன் அந்தக் குளத்தை நல்ல நீராக்க முனைந்தான். ‘எல்லாத் தண்ணியையும் எறச்சுக் கொட்டிட்டுப் புதுசா நெரப்பிடலாமே’ என்றேன். ‘முடியாது மாமா. தண்ணி பஞ்சமான ஊரு. அதோட இந்த வெயில்ல காஞ்சா உள்பூச்சு வெடிச்சுடும்’ என்றான். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடங்களில் காலியான குளத்தொட்டி ஓடம் போல மேலே மிதந்து எழும்பிவிடுவதும் உண்டாம். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கெட்டுப் போனதை அடியோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பது எளிதில் தோன்றும் ஆசை. ஆனால் சில பாத்திரங்கள், தாம் சுமக்கும் நீரின் பாரத்தாலேயே தம் இடத்தில் நிற்கின்றன. குடும்பங்களும் அப்படித்தான்.

முதல் நாள் முழுவதும் வலையால் அரித்தோம். இலைகள், மட்டிய குப்பை, ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு, எல்லாம் வந்தன. பிறகு நீரைச் சோதித்தான். ஒரு சிறு குப்பியில் நீரை எடுத்து, சிவப்பு மருந்து ஐந்து சொட்டு விட்டு, நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தான். நீரில் காரம் மிகுந்திருந்தால் குளோரினின் வலிமை குறைந்துவிடும். ஆகவே முதலில் அமிலம் ஊற்றிக் காரத்தைக் குறைத்தான். 7.2 முதல் 7.8 வரை என்ற எல்லைக்குள் அது வந்து நின்ற பிறகுதான் குளோரின் ஊற்றினான். அதையும் பொழுது சாய்ந்த பிறகே ஊற்றினான். வெயில் குளோரினைத் தின்றுவிடுமாம்.

இரவும் பகலும் பம்ப் ஓடியது. நீர் மணல் வடிகட்டிக்குள் போய்ப் போய் வந்தது. மணல் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் நீரை எதிர்த் திசையில் செலுத்தி அழுக்கை வெளியேற்ற வேண்டும். சுவரைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். தேய்க்காத இடத்தில் பாசி ஒளிந்திருந்து மீண்டும் வளரும். மூன்றாம் நாள் பச்சை மறைந்தது. ஆனால் நீர் தெளியவில்லை. சோறு வடித்த கஞ்சி போல் வெளுத்து நின்றது. ‘இது செத்த பாசி மாமா’ என்றான் மருமகன். ‘இந்த எடத்துலதான் பல பேர் சலிச்சுப் போய் விட்டுடுவாங்க. பச்சையா இருந்தப்பவாவது ஒரு நெறம் இருந்துச்சு, இப்ப அதுவும் இல்லேன்னு தோணும்.’

நான்கு நாட்கள் அந்தக் கஞ்சி நிறம் நீடித்தது. எட்டாம் நாள் காலையில் குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி தெரிந்தது. அதன் திருகாணிகளை எண்ண முடிந்தது. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவன் ஒப்பவில்லை. இன்னும் ஒரு சோதனை உண்டு என்றான். இரவு படுக்கும் முன் நீரில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று அளந்தான். விடியற்காலையில், வெயில் படும் முன்பே எழுந்து மறுபடியும் அளந்தான். பகலில் குறைந்தால் வெயில் தின்றது என்று சொல்லலாம். இரவில் வெயில் இல்லை; யாரும் நீந்தவும் இல்லை. இருந்தும் குறைந்திருக்கிறதென்றால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஏதோ உயிரோடு இருந்து அதைத் தின்கிறது என்று பொருள். கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் இந்தச் சோதனை தவறலாம். தவறினால் வேலையைத் தொடர வேண்டியதுதான்.

மனிதனைச் சோதிப்பதற்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. பகலில் நாம் இழப்பதற்கெல்லாம் உலகத்தின் மீது பழி சொல்லலாம். யாரும் இல்லாத இரவில், எந்தத் தூண்டுதலும் இல்லாதபோது நம்முள் எது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், உள்ளே எது வாழ்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு தர்க்கம் நடந்தது. குளோரின் ஊற்றுவதற்கு முன்னால், என் மருமகனின் மனைவி குளத்தருகே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பச்சை நீரில் தவளைக் குஞ்சுகள் இருந்தன. தட்டான்கள் வந்து முட்டையிட்டன. கொசுப் புழுக்களைத் தின்பதற்காக, கொசு ஒழிப்புத் துறையினர் எப்போதோ விட்டுச் சென்ற கம்பூசியா மீன்கள் பல்கிப் பெருகியிருந்தன. ‘இத்தனை உயிரையும் கொன்னுட்டு, அதுக்குப் பேர் சுத்தமா மாமா? நம்ம ஊர்ல இதைத்தானே குளம்னு சொல்லுவோம்?’ என்று கேட்டாள்.

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. குளோரின் நஞ்சுதான். 1915-இல் ஈப்பர் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களின் நுரையீரலை எரித்த அதே பொருள்தான். நீச்சல் குளத்தில் பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒன்று முதல் மூன்று பங்கு போதும். எழுபதாயிரம் லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் இருநூறு கிராமுக்குச் சற்று மேலே. அளவு மருந்தாக்குகிறது. என்றாலும், அந்த நீலத் தெளிவு ஓர் உயிரும் இல்லாத தெளிவு என்பதை மறுக்க முடியாது.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: ‘அம்மா, நம் ஊர்க் குளத்துக்கு வரத்துக் கால் உண்டு, போக்குக் கால் உண்டு. மழை அதை அலசும். அல்லியும் மீனும் நாரையும் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும். பல நூறு ஆண்டுப் பழக்கத்தில் அந்த ஒழுங்கு வந்தது. இந்தச் சிமெண்டுத் தொட்டிக்கு வரவும் இல்லை, போக்கும் இல்லை. இதை யாரும் இயற்கையிடம் கொடுக்கவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். முதலில் வந்து சேர்ந்தது கொசு.’

துறத்தல் வேறு, கைவிடுதல் வேறு. நம் பழங்கதைகளில் மன்னன் காட்டுக்குப் போவான். போவதற்கு முன் மகனுக்கு முடி சூட்டிவிட்டுப் போவான். தான் விட்டுப் போகும் பாரத்தை ஏற்க ஒரு தோளைத் தேடி வைத்துவிட்டுப் போவது துறவு. பாரத்தைத் தெருவில் இறக்கிவிட்டு நடந்துவிடுவதற்கு வேறு பெயர். அவள் அந்த வேறுபாட்டைச் சொல்லாமலே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அன்று மாலை, வலையும் வாளியுமாக உட்கார்ந்து, அகப்பட்ட மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றினாள். அதில் நீர்ச்செடி வைத்தாள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பொறுப்பில்லாமல் கொன்றோம் என்ற சொல் அவள் மனத்தில் இல்லாமல் போயிற்று.

நீர் தெளிந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். நாற்பது வயதிருக்கும், தச்சு வேலை செய்பவர். அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர். வீடு கட்டும் தொழில் படுத்தபோது வேலை போயிற்று, வட்டி ஏறிற்று, வீடு போயிற்று. குளத்தை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். பின்புறம் அழைத்துச் சென்றோம். கரையில் நின்று வெகு நேரம் பார்த்தார். வெளியேறிய நாளன்று, மிச்சம் இருந்த குளோரின் முழுவதையும் ஊற்றிவிட்டுத்தான் போனாராம். மின்சாரம் துண்டிக்கப்படும், பம்ப் நிற்கும், சில நாட்களில் எல்லாம் வீணாகும் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் ஊற்றினார். பிறகு ஒரு முறை அந்தத் தெரு வழியே போனபோது வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார். பச்சையாகிக் கிடந்தது. உள்ளே போய் ஏதாவது செய்யலாம் என்றால் பூட்டு மாறியிருந்தது. போனால் அத்துமீறிய குற்றம். திரும்பிப் போய்விட்டார். இதைச் சொல்லிவிட்டு, குளம் நன்றாக இருக்கிறது என்று என் மருமகனின் கையைக் குலுக்கினார். வேலிக்கு அப்பால் குடியிருந்த மூதாட்டி ஒருவர், இரண்டு கோடைகள் கொசுவுக்குப் பயந்து சன்னலைத் திறக்கவில்லை என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

அவர் போன பிறகு மருமகன் குளத்தில் இறங்கவில்லை. ‘மாமா, அந்த மனுஷரோட கஷ்டத்தைத்தானே நான் மலிவா வாங்கியிருக்கேன்? எனக்கு இதுல எறங்க என்ன உரிமை?’ என்றான்.

யார் குற்றவாளி? பழைய சொந்தக்காரரா? அவரிடம் கை இருந்தது, அன்பும் இருந்தது, உரிமை இல்லை. கடன் கொடுத்த வங்கியா? அதனிடம் உரிமை இருந்தது. எழுபதாயிரம் லிட்டர் நீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. எங்கோ ஒரு நகரத்தில், ஒரு கோப்பில், ஓர் எண்ணாக அந்த வீடு இருந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டிக்குக் கண் இருந்தது. கையும் இல்லை, உரிமையும் இல்லை. ஒரு பொருளைக் காப்பதற்கு மூன்று வேண்டும்: பார்க்கிற கண், செய்கிற கை, செய்வதற்கு உரிமை. பழைய நாளில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருந்தன. இன்றைய வாழ்க்கை மூன்றையும் மூன்று இடங்களில் பிரித்து வைத்துவிட்டது. பிரிந்த இடைவெளியில்தான் நீர் பச்சையாகிறது.

கலிபோர்னியாவின் சட்டமன்றத்துக்கு இது புரிந்திருக்கிறது. 2008-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஏலத்தில் வந்த வீட்டைச் சட்டப்படி யார் வைத்திருக்கிறார்களோ அவர்களே அதைப் பராமரிக்க வேண்டும். தேங்கிய நீரில் கொசுப் புழு வளர விட்டாலும் குற்றம். எச்சரித்த பின்னும் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம். செய்யாமை என்பதற்கு ஒரு முகவரி கண்டுபிடித்த சட்டம் அது. உரிமை எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணும் கையும் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் பொருள். உத்தரமேரூர்க்காரர்கள் இதைப் படித்தால் தலையசைத்திருப்பார்கள்.

ஆகவே மருமகனிடம் சொன்னேன்: ‘வீட்டை வாங்கினது பாவம் இல்லை. அந்த மனுஷரோட கஷ்டத்தை நீ உண்டாக்கல. ஆனா, அதனால உனக்கு லாபம் கெடச்சதும் உண்மை. அந்தக் கடனைப் பணமாத் திருப்ப முடியாது. அவர் கடைசி நாள்ல செஞ்ச வேலையை நீ தெனமும் செய். அவரால முடியாமப் போனது அது ஒண்ணுதான்.’ அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் நீரை அளக்கும் குப்பியோடு அவன் கரையில் குனிந்து நிற்பதைப் பார்த்தேன்.

நான் சொன்னது முழு விடை என்று எண்ணவில்லை. ஏலத்தில் போன வீட்டுக்காரனின் துயரம், புதியவன் குளத்தைக் காப்பதால் தீர்ந்துவிடாது. அது வட்டியும் வேலையின்மையும் செய்த கொடுமை. அதற்குத் தனி நியாயம் கேட்க வேண்டும். ஆனால் ஒரு துயரத்தைத் தீர்க்க முடியாதபோது, அது மேலும் ஒரு கிழவியின் சன்னல் வரை பரவாமல் தடுப்பதாவது மனிதனால் முடியும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு நீரைத் தெளிய வைப்பது எதற்காக? அழகுக்கா? தூய்மைக்கா? தெளிவெல்லாம் தூய்மை ஆகாது. குளோரின் கலந்த தெளிந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிர் வாழும் கிருமிகள் உண்டு. நீச்சல் குளத்தின் கரையில் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் தூய்மையின் மணம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து எழும் நெடி. அப்படியானால் தெளிவின் பயன் என்ன?

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பால் ரிவர் என்னும் ஊரில், ஒரு பொது நீச்சல் குளத்தில் ஒரு பெண்மணி மூழ்கிப் போனாள். நீர் கலங்கியிருந்தது. அவள் அடியில் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ இரண்டு நாட்கள் அவள் உடல் அங்கேயே கிடந்தது. குளத்தை மூடவில்லை. மக்கள் வந்தார்கள், அவளுக்கு மேலே நீந்தினார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர். பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாத நீரில் அவர்கள் இருந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான், குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெரியவில்லை என்றால் குளத்தை மூட வேண்டும் என்று அந்த நாட்டில் சுகாதார விதி வைத்திருப்பதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கிற்று. நீர் தெளிந்திருக்க வேண்டியது நாம் அதில் முகம் பார்ப்பதற்கு இல்லை. உள்ளே விழுந்தவர் நம் கண்ணில் படுவதற்காக.

நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடையாது. எத்தனையோ வீடுகளை நான் அறிவேன். வெளியே கோலம், உள்ளே வானொலி, ஞாயிற்றுக்கிழமை விருந்து, எல்லாம் ஒழுங்காக நடக்கும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதைச் சிறிது சிறிதாக விட்டிருப்பார்கள். கணவன் மனைவியிடம் ஒன்றை மறைத்திருப்பான். பெரிய குற்றம் ஒன்றும் இருக்காது, சொல்லச் சோம்பல்பட்டு விட்ட ஒன்று. யாரும் நஞ்சு கலக்கவில்லை. பம்ப் மட்டும் நின்றிருக்கும். நீர் கலங்கக் கலங்கக் கண் அதற்குப் பழகிவிடும். அந்த நீரின் அடியில் ஒரு மருமகளோ, ஒரு வயதான தாயோ, பரீட்சையில் தோற்ற பையனோ மூச்சடைத்துக் கிடப்பது மேலே நீந்துகிறவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் தெரியும்போது, ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று எல்லாரும் உண்மையாகவே அழுவார்கள்.

அத்தகைய வீடுகளைத் தெளிய வைக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே சொல்வேன். ஆனால் மூன்றாம் நாள் வரும் அந்தக் கஞ்சி நிறத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் பேசாதவர்கள் பேசத் தொடங்கினால், முதலில் வெளிவருவது இனிமையான சொல்லாக இருக்காது. செத்த மனத்தாங்கல்கள்தாம் மேலே மிதந்து வரும். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அந்த நான்கு நாட்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம்மில் பலர் அப்போது குழி தோண்டினோம், கல்லும் மணலும் இட்டோம், மூடி போட்டோம், பெருமைப்பட்டோம். அதன் பிறகு எத்தனை மழைக்காலங்கள் வந்து போயின! மழைக்கு முன்னால் அந்த மூடியைத் திறந்து, மணலை அலசிப் போட்டவர்கள் எத்தனை பேர்? கண் நம்முடையது, கை நம்முடையது, உரிமையும் நம்முடையது. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தும் செய்யாமல் விட்டால், எந்த வங்கியின் மேல் பழி போடுவது?

இதை எழுதும்போது வெளியே கருக்கல் கட்டியிருக்கிறது. இரண்டு நாளில் மழை வரும் போலிருக்கிறது. மூடியைத் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.